யேவ்லெ நகரத்துப் பிளக் காத்த படலம்

வாழ்க தூரே! ஸ்வீடன் நாட்டு யேவ்லெ நகரின் மூன்றாம் மாடிக்கு முடிசூடியோன், கைப்பிடி திருகிக் கை காய்த்தோன், பொத்தான் அழுத்திப் புகழ் கொள்ளாதோன், அவன் வாழ்க! இவ்வீரனைப் பாடப் புலவர் ஒருவரும் முன்வராமையால் பாட்டுடைத் தலைவனே பாடும் வேலையையும் ஏற்றுக்கொண்டான். தன்னைத் தானே 'அவன்' என்று சொல்லிக்கொள்வதை அவையோர் பொறுத்தருள்க.

அவனது அடுக்களையில், பிறர் வீடுகளில் சாப்பாட்டு மேசை நிற்கும் இடத்தில், ஆளுயரப் பெட்டி ஒன்று நின்றது. பின்லாந்துக்குப் போய்வந்த பழைய பயணிகள் கப்பலின் விளையாட்டுக் கூடத்திலிருந்து அவனும் அவன் மனைவி ஓசாவும் மீட்டு வந்த நாணய விளையாட்டு இயந்திரம் அது. பெயர் நிலாக்கோட்டை. நெற்றியில் நிலவும் மார்பில் திரையும் இடுப்பில் சிவந்த பொத்தான்களும் தாங்கிய அதன் திரையில், வெற்றியாளர் பட்டியலின் உச்சியில், மூன்று ரோமன் எழுத்துகள் ஒளிர்ந்தன: A, S, A. அதாவது ஆசா.

பிழை வீரனுடையது அன்று. இயந்திரம் செய்தோர் தலையில் வளையம் சூடிய Å என்னும் ஸ்வீடன் எழுத்தை அறியார். வளையம் கழன்றால் 'ஓ' வெறும் 'ஆ' ஆகிவிடும். அவ்வாறே ஓசா ஆசா ஆனாள்.

"அது நான் இல்லப்பா," என்பாள் அவள். "தொப்பியத் தொலைச்ச என் தங்கச்சி. என்னவிட நல்லா ஆடுவா."

சென்ற மார்ச்சில் ஓசா இறந்துபோனாள். இதை உயர்ந்த நடையில் சொல்ல இந்நூலாசிரியனுக்கு வரவில்லை.

அவ்வியந்திரத்துக்கோ நினைவு என்பது மின்சாரம் உள்ளவரைதான். அணைத்தால் எல்லாம் மறக்கும். மீண்டும் விழித்தால் ஆலையில் பதித்த பொய்ப்பெயர்களையே ஓதும். ஆகவே தொடங்கிற்று பிளக் காக்கும் பெரும்போர். உறுமி வந்த தூசி உறிஞ்சி பெட்டியின் பிளக் செருகிய துளையை நாடியபோது வீரன் குறுக்கே விழுந்து தடுத்தான். மீட்டர் மாற்ற வந்த மின்பணியாளரைக் காபியாலும் ஏலக்காய் ரொட்டியாலும் மயக்கி, முதன்மைச் சுவிட்சைத் தொடாமலே திருப்பி அனுப்பினான். இலையுதிர்காலப் புயல் மின்கம்பிகளை உலுக்கும் என்று வானொலி முழங்கியபோது, பெட்டியின் பின்புறம் மாற்று மின்கலம் ஒன்றை அரண்போல் நிறுவினான். போதாதென்று, தானே ஆடும்போதும் அவளது புள்ளி எண்ணிக்கையை நெருங்கும் நொடியில், வலப்புறம் வழி திறந்திருக்க, இடப்புறப் பாறையில் தன் விண்கப்பலைத் தானே மோதி வீழ்ந்தான். பாறைகளை இவ்வளவு குறி பார்த்து மோதிய மாவீரன் வடதிசையில் வேறு எவன் உளன்?

இத்தகையோன்தான் நிலாக்கோட்டைப் பெட்டி வைத்திருப்போரை எல்லாம் இணையவெளியில் திரட்டி, அவரவர் வீட்டிலிருந்தே கேமரா முன் ஆடும் பெரும்போட்டியை அறிவித்தான். சனிக்கிழமை ஒரு மணிக்குத் தொடக்கம். நாலு மணிக்கு வீரனுக்குக் கட்டடத்துச் சலவை அறையில் முறை இருந்தது. அந்நாட்டில் போரைத் தள்ளிவைக்கலாம், சலவை முறையைத் தள்ளிவைக்க இயலாது.

முந்தைய போட்டியில் எவனோ ஒருவன், பழைய பட்டியலில் கிடந்த பிறருடைய எண்ணிக்கையைப் படமெடுத்துத் தன் வெற்றி என்று அனுப்பியிருந்தான். அச்சூழ்ச்சியை வேரறுக்க வீரன் இம்முறை ஆணை பிறப்பித்தான்:

"யாவரும் தத்தம் இயந்திரத்தை யாவரும் காண அணைத்து, மீண்டும் உயிர்ப்பித்த பின்னரே ஆடுக! தன் பெயரன்றிப் பிறர் பெயரைப் பதித்தோன் ஆட்டம் செல்லாது! நடுவரும் இதற்கு விலக்கல்லர்!"

கடைசி வாக்கியம் கம்பீரத்துக்காகச் சேர்த்தது. பங்கேற்போர் அனைவரும் கட்டைவிரல் உயர்த்தினர். வீரன் பிறருடைய இயந்திரங்களையே எண்ணியிருந்தான். தன் அடுக்களையில் நிற்பதும் ஓர் இயந்திரம் என்று அவனுக்குத் தோன்றி நெடுங்காலம் ஆயிற்று.

சனிக்கிழமை வந்தது. ஓசாவின் தம்பி ஹம்பஸ் கேமரா பிடித்தான். வடகோடிக் கிருனாவிலிருந்து தென்கோடி மால்மோ வரை கண்கள் விழித்திருந்தன. ஏற்பாடு செய்தவனே முதல் ஆட்டம் ஆடுவது அக்குலத்தின் வழக்கம். வீரன் பெட்டியின் முன் நின்று, குரலை உயர்த்தித் தன் ஆணையைத் தானே படித்தான். "தத்தம் இயந்திரத்தை யாவரும் காண அணைத்து" என்ற இடத்தில் வாய் நின்றது.

வடக்கே லூலியோ நகரில் அமர்ந்திருந்தாள் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் குன்வோர், எழுபது வயதிலும் எதிரியின் கோட்டை இடிப்பவள், எல்லோருக்கும் அக்காள். அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"என்ன தம்பி நிறுத்திட்ட? லைன் போச்சா?"

"இல்லக்கா. இருக்கு."

"அப்ப அணைடா. ரெண்டாமிடத்துச் சக்கரவர்த்தி இன்னிக்கு எந்தப் பாறையில முட்டிக்கப் போறார்னு பாக்கத்தான் காபியும் கையுமா உக்காந்திருக்கேன்."

வீரன் அசையவில்லை. ஹம்பஸ் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான்.

"மச்சான், ஆட வேணாம். முதுகுவலின்னு சொல்லிடலாம்."

"முதுகுவலின்னா சுவிட்ச அமுக்க முடியாதா?"

"சரி, பல்வலி."

வீரன் திரையின் உச்சியைப் பார்த்தான். ஹம்பஸும் பார்த்தான். பார்த்தவன் திடீரென்று சிரித்தான்.

"சின்ன வயசுல எங்கிட்ட தோக்கற மாதிரி இருந்தா அக்கா என்ன செய்வா தெரியுமா? பிளக்கப் புடுங்கிட்டு, 'இப்ப சொல்லு, யாரு ஜெயிச்சா'ன்னு கேப்பா."

"எங்கிட்டயும் செஞ்சிருக்கா."

"பின்ன?"

அப்போது எழுந்தான் வீரன்! மலை பெயர்ந்தாற்போல் பெட்டியை நகர்த்தி, சுவருக்கும் அதற்கும் இடையே நுழைந்து, தூசிப்படலம் தும்மலாய் வெடிக்க, தான் காத்த பிளக்கைத் தானே பற்றி, கண்ணை மூடி, பிடுங்கினான்!

ஒன்றும் அணையவில்லை. ஆசா ஒளிர்ந்துகொண்டே இருந்தாள். மாற்று மின்கலம் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கிற்று. தன் அரணாலேயே தான் தோற்ற முதல் தளபதி என்னும் பட்டத்தை வீரன் அக்கணம் எய்தினான்.

"பேட்டரிய மறந்துட்டீங்க மச்சான்," என்றான் ஹம்பஸ்.

"என்னடா அங்க, கோழி வளக்கறீங்களா?" என்றாள் குன்வோர்.

வீரன் மண்டியிட்டு மின்கலத்தின் பொத்தானைத் தேடினான். அது அடிப்புறத்தில் இருந்தது. அழுத்தினான். திரை ஒரு புள்ளியாய்ச் சுருங்கி, அப்புள்ளியும் போயிற்று.

மீண்டும் பிளக் செருகி உயிர்ப்பித்தபோது ஆலையின் பொய்ப்பெயர்கள் வரிசையாய் நின்றன. வீரன் கைப்பிடியைப் பற்றினான். இனி அவன் ஆடிய ஆட்டத்தை என்னென்பது! கோட்டைகள் சரிந்தன, நிலவுகள் உதிர்ந்தன, எதிரிக் கப்பல்கள் மழைக்கால ஈசல்போல் மடிந்தன. அவளது எண்ணிக்கை நெருங்கியதும் கை பழக்கத்தால் இடப்புறம் சாய்ந்தது. பாறை அங்கேயே இருந்தது. உச்சியில் காக்க ஒருவரும் இல்லை. கையை வலப்புறம் திருப்பினான்.

அவன் முன்பின் கண்டிராத ஒரு மண்டலம் திறந்தது. அது பச்சையாய் இருந்தது. ஓசா இதைப் பார்த்ததில்லை என்று நினைத்தான். நினைத்த நேரத்தில் அவனது கடைசிக் கப்பலும் வெடித்தது.

முதலிடம். இயந்திரம் பெயர் கேட்டது. கைப்பிடி மூன்று எழுத்துகளில் மூன்று முறை நின்றது.

குன்வோர், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, பேரு தப்பா இருக்கே."

"தப்பில்லக்கா. வளையந்தான் இல்ல."

"உன் ரூல்படி செல்லாதேடா."

"செல்லாது."

"நான் வேணும்னா பாக்கலன்னு சொல்றேன்."

"வேணாங்க்கா."

உடனே நடுவர் பீடத்தில் ஏறினான் வீரன், எண்திசையும் கேட்க முழங்கினான்: "பிறர் பெயர் பதித்த குற்றத்துக்காக யேவ்லெ நகரத்துத் தூரேயின் ஆட்டம் செல்லாதென அறிவிக்கிறோம்! மேல்முறையீடு இல்லை! அடுத்து லூலியோ!"

லூலியோவில் குன்வோர் தன் பெட்டியை யாவரும் காண அணைத்தாள். அன்றைய வெற்றி அவளுக்கே போயிற்று.

நாலு மணிக்குச் சலவை அறையில் என் முறை, அதனால் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.