எல்லாம் கைக்கு எட்டும் வண்டி

வண்டிக் கூரைமேல் சாமான் கட்டுகிற தட்டு வந்த அன்றே வம்பும் அதன்மேல் ஏறிக்கொண்டு வந்துவிட்டது.

வண்டி தெருவிலேயே நின்றது. வீட்டுக் கொட்டகையின் தகரக் கூரை ஒரு சாண் தாழ்ந்துபோயிருந்தது. அல்லது வண்டி ஒரு சாண் வளர்ந்துவிட்டது. மாஸ்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் வண்டி குனிந்து கொடுக்கவில்லை.

மாஸ்டர் என்றால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பிடித்தவர்கள். விடிந்தால் பயிற்சி வண்டி, அதே மைதானம், அதே எட்டு, அதே மேடு. தொலைக்காட்சியில் எவனாவது வண்டியை விரட்டினால்கூட அவருடைய கால் தரையில் பிரேக்கைத் தேடும். ஊரையே ஓட்ட வைத்தவர், மனைவிக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் வாங்குகிற திட்டிலேயே வயிறு நிறைகிறது, மைதானத்துக்கு வேறு வந்து வாங்க வேண்டுமா என்று அவள் அன்றைக்கே மறுத்துவிட்டாள்.

அவள் தையல் ஆலையில் தரம் பார்ப்பவள். கோணல் தையலைக் கண்டுபிடிப்பது தொழில். வீட்டுக்கு வந்தாலும் கண்ணுக்கு ஓய்வில்லை. ஆலையில் கூட வேலை செய்பவள் ஒருத்தி சொல்லித்தான் அந்த உப்பு ஏரியைப் பற்றி அவளுக்குத் தெரியும். பாதை முடிந்து, ஆற்று மணலைக் கடந்து, அப்பாலும் ஆளில்லாத வெளியில் போக வேண்டுமாம். போய்ப் பார்த்தால் வானமும் தண்ணீரும் ஒன்றாக இருக்குமாம். "ரெண்டும் சேர்ற இடத்துல தையலே தெரியாதாம்" என்று வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மாஸ்டர் பார்த்துவிட்டார். அந்த வெளிச்சத்துக்காகத்தான் இந்தப் பழைய எஸ்.யு.வி. வந்தது. விற்றவரே கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆலையில் ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு. வாரம் முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ளும், ஆற்றுப் பாதை அடைபட்டுப்போகும். விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷத்தை யார் கண்டார்கள்?

மாஸ்டருக்கும் ஒரு ஆசை உண்டு. பக்கத்தில் யாருக்கும் பாதி கிளட்ச் சொல்லிக் கொடுக்காமல், வாழ்நாளில் ஒரு தடவை எங்கேயாவது போய்வர வேண்டும்.

எதிர்வீட்டுத் துணிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். வண்டி மறைத்துக்கொண்டு நின்றது அவர் வாசலைத்தான். கோபப்பட முடியாது; அவர் மாஸ்டரிடம் பயிற்சியில் இருப்பவர். லைசென்ஸ் சோதனையில் அவர் தோற்ற கதை ஊருக்கே தெரியும். சோதனை வைக்கும் அதிகாரி இப்போதெல்லாம் அவரைத் தெருவில் பார்த்தாலே ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார்.

"சக்கரத்துல காத்தை இறக்கிப் பாருங்களேன் மாஸ்டர். சட்டை நீளமா இருந்தா நாங்க ஓரத்த மடிச்சு அடிக்கிறதில்லையா?"

மாஸ்டருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கோளாறே அதுதான். காற்றை இறக்கினார்கள். பயிற்சியும் ஆனமாதிரி இருக்கும் என்று துணிக்கடைக்காரரையே ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, மாஸ்டர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, வண்டி தகரத்தை உரசாமல் உள்ளே நுழைந்தது. அன்று ராத்திரி மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த வாரத்தில் அவர் தூங்கிய ஒரே தூக்கம் அது.

காலையில் பார்த்தால் சக்கரங்கள் தரையோடு தரையாகப் பிசைந்த மாவு மாதிரி கிடந்தன. உள்ளே போன வண்டி வெளியே வர மறுத்தது. வண்டிப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பம்போடு வந்து காற்றடித்தார். தகரத்தின் ஓரத்தை நெளித்து மேலே தூக்கி, வண்டியையும் வெளியே எடுத்துக் கொடுத்தார். அவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். அதே குணம்தான் பிறகு குடியைக் கெடுத்தது.

"நீங்க போற இடத்துல பம்ப தூக்கிக்கிட்டு யாரு மாஸ்டர் வருவா? பானட்டுக்குள்ளயே ஒரு காத்து மிஷின் வெச்சிடலாம்."

வைத்தார்கள். மிஷின் நன்றாகக் காற்றடித்தது. அடித்து முடித்ததும் பாட்டரி உட்கார்ந்துவிட்டது. பட்டறைக்காரர் யோசித்தார். இன்னொரு பாட்டரி போட்டுடலாம் என்றார். இன்னொரு பாட்டரி சும்மா இருக்கிறதே என்று ஒரு குட்டி ஃப்ரிட்ஜும் வந்தது. ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயையே காணோம். கூலி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

தொட்டியை நிரப்பியதும் வண்டி பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. முன்விளக்கு இரண்டும் வானத்தைப் பார்த்தன.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஏரிக்கு நாம போறோமா, இல்ல ஏரிய இங்க கொண்டுவந்துட்டீங்களா?"

அவளுக்கு அன்றைக்கு விடுப்பின் முதல் நாள். மூட்டை முடிச்சு எல்லாம் கட்டி வைத்திருந்தாள். நாளைக்குக் கிளம்பிடலாம் என்றார் மாஸ்டர். மறுநாளும் அதையே சொன்னார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கைபேசியில் ஒருவன் தினமும் வந்து பயமுறுத்திக்கொண்டிருந்தான். தாடியும் தொப்பியுமாக ஏதோ ஒரு பொட்டல்வெளியில் நின்றுகொண்டு, இது இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள் என்று ஒன்றைக் காட்டுவான். மறுநாள் வேறொன்றைக் காட்டுவான். மாஸ்டர் சாப்பிடும்போதும் அவனைத்தான் பார்த்தார். எழுந்து போய் வண்டியைச் சுற்றி வருவார். உட்காருவார். மறுபடி எழுந்திருப்பார். சும்மா கிடந்த கழுத்தில் சுருக்கை மாட்டி, அதைக் கைபேசிக்காரன் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவர் பிழைப்பு.

குந்தியதற்கு மருந்தாக அடியில் கனமான ஸ்பிரிங் பட்டை போட்டார்கள். வண்டி எழுந்தது, அளவுக்கு மீறியே எழுந்தது. மனைவி காலைத் தூக்கிப் பார்த்தாள். சேலையைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய், பரண் துடைக்கிற ஏணியைக் கொண்டுவந்து வண்டிமேல் சாத்திவிட்டு நின்றாள்.

படி வைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

படி வைத்த அன்று சாயங்காலம் செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் சோதனை ஓட்டம். பட்டறைக்காரர்தான் ஓட்டினார். அவர் லாரியே ஓட்டிப் பழகியவர். மாஸ்டருக்கு மீசை முளைப்பதற்கு முன்பே மலைப்பாதையெல்லாம் பார்த்தவர். இருந்தாலும் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கண்ணாடி பாருங்க. செகண்ட் போடுங்க. அவசரமில்ல, அவசரமில்ல. காலை மெதுவா எடுங்க."

பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் குழம்பினார். கடைசியில் ஆள் நடமாட்டமே இல்லாத அந்தப் பொட்டலில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி, பள்ளத்தின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டார். புதிதாக வைத்த படி மண்ணில் குத்தி, கொக்கியாக வளைந்து நின்றது.

வழி ஒன்றுதான். சக்கரம் பெரிதாக வேண்டும். வந்தது. நேராகப் போனால் ராஜநடை. திருப்பினால் மட்கார்டைக் கடித்தது. மட்கார்டை வெட்டினார்கள். வெட்டியதும் சேறு கதவுவரை அடிக்கும் என்று தெரிந்தது. சேறு என்றதும் மாஸ்டருக்குச் சிக்கிக்கொள்கிற ஞாபகம் வந்தது. சிக்கினால் இழுக்க வேண்டுமே என்று முன்னால் கம்பி சுற்றிய வின்ச் ஒன்று ஏறியது. நேற்றுவரை பின்னால் குந்திய வண்டி, அது ஏறியதும் முன்னால் கும்பிடு போட்டது. எடையைச் சரிக்கட்ட, தொட்டியையும் பாட்டரியையும் நடுவுக்கு நகர்த்தினார்கள். நடுவில் இருந்த பின்னிருக்கையைக் கழற்றிப் பட்டறைச் சுவரோரம் போட்டார்கள். அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களுக்கு உட்கார நல்ல இடம் கிடைத்தது.

"எனக்கு உக்கார இடம் இருக்கா? இல்ல, என்னையும் தட்டுல போட்டுக் கட்டிடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"முன்னாடி ரெண்டு சீட்டு இருக்கே. நீயும் நானும். வேற யாரு வர்றா?"

அது நியாயமாகத்தான் இருந்தது.

இப்போது சுவிட்சுகளின் முறை. வின்ச்சுக்கு ஒன்று, காற்று மிஷினுக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, தட்டின்மேல் வைத்த விளக்குகளுக்குச் சில. பட்டறைக்காரர் அவசரத்தில் கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டார். விளக்கைப் போட்டால் வின்ச் சுற்றியது. வின்ச்சைப் போட்டால் ஹாரன் அலறியது. ஒரு தடவை ஃப்ரிட்ஜைப் போட்டபோது வின்ச் கம்பி தானாக ஓடிப்போய், பட்டறை வாசலில் நின்ற யாருடைய சைக்கிளையோ பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

மாஸ்டர் பொறுமை இழந்தார். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, ஒரே பலகையில் வரிசையாக வைக்கச் சொன்னார். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டினார். கை போய் நின்ற இடத்தில் விரலால் கோடு போட்டார்.

"இங்கயேவா மாஸ்டர்?" பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"பின்ன? நான் உக்கார்ற இடத்துலதான என் கை எட்டும்?"

"அதுவும் சரிதான்" என்றார் பட்டறைக்காரர். முடியாது என்று சொல்கிற குணம் அவருக்கு இல்லை. பின்னால் பார்க்கத் தனியாக ஒரு கண்ணாடியும் அங்கேயே கேட்டார் மாஸ்டர். அதையும் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி, கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். குரலில் கோபம் இல்லை.

"விடிஞ்சா கிளம்பணும். கிளம்பலேன்னா மிச்ச லீவை விட்டுட்டு நான் வேலைக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் இந்த ஏரிப் பேச்சை யாரும் எடுக்க வேணாம். நீங்களும் எடுக்காதீங்க, நானும் எடுக்கல."

மாஸ்டர் கைபேசியை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். தாடிக்காரன் இனி அரிசிக்குப் புத்தி சொல்லட்டும். அவிழ்த்த மூட்டையை அவரே மறுபடி கட்டினார். மடிப்பு சரியில்லை என்று அவள் பிடுங்கிக் கட்டினாள். அப்படிப் பிடுங்கியதில்தான் அவருக்கு உயிர் வந்தது.

பட்டறைக்காரர் விடிவதற்குள் வண்டியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். வெளிச்சம் மெல்ல வந்தது. வண்டி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற பொக்லைன் மாதிரி. துணிக்கடைக்காரர் பல் குச்சியும் வாயுமாக வழியனுப்ப வந்து நின்றார்.

மாஸ்டர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். குறை எதுவும் தென்படவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு கால் ஓரிடத்தில் நின்றது. ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியை விரலால் தட்டிச் சரிசெய்தார். கையை நீட்டினார். விளக்கு எரிந்தது. வின்ச் முனகியது. காற்று மிஷின் இருமியது. ஃப்ரிட்ஜ் ரீங்காரம் போட்டது. ஹாரன் சும்மா இருந்தது. ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்டது. மார்பு விம்மியது அவருக்கு. இனிமேல் பாதி கிளட்ச் கிடையாது, எட்டு கிடையாது. மணலும் வெளியும், தையல் தெரியாத ஒரு வானமும்தான்.

மனைவி மூட்டையோடு வந்தாள். அவர் பக்கத்துக் கதவருகே நின்று அவரைப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். படியில் ஒரு காலை வைத்தவள், அப்படியே நின்றாள்.

"என்னங்க..."

"ஏறு, ஏறு. எதுவா இருந்தாலும் போற வழியில சொல்லு. சீட்ட முன்னால இழுத்துக்க. பெல்ட்டப் போடு."

அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாஸ்டர் ஜன்னல் வழியாகத் துணிக்கடைக்காரரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டி, போய்வரட்டுமா என்றார்.

துணிக்கடைக்காரர் வாயிலிருந்து குச்சியை எடுத்தார். முகம் வாடியிருந்தது.

"நல்லா போய்ட்டு வாங்க மாஸ்டர். ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஸ்டியரிங் பக்கம் அக்கா ஏறுறாங்களே, எனக்கு முன்னாடியே அவங்களுக்கு லைசென்ஸ் வந்துடுச்சா?"