தள்ளினால்தான் கிளம்பும்

"கிளட்ச விட்றாத மாப்ள. இன்னும் வேகம் வரல" என்று காருக்குப் பின்னாலிருந்து உத்திராபதி குரல் கொடுத்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கதிர்வேலுக்கு வியர்த்துக் கொட்டியது. மணி ஏழு பத்து. ஏழரைக்கு மஞ்சக்குப்பத்தில் நாலு டீச்சர்கள் சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். அவர்களைச் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வாசலில் எட்டே முக்காலுக்குள் இறக்கிவிட வேண்டும். ஒன்பதைத் தாண்டி விரல் வைத்தால் மெஷின் லேட் என்று பதிந்துகொள்ளும். மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு போய்விடும். இரண்டு ஏற்கெனவே ஆகியிருந்தது. இரண்டுக்கும் கதிர்வேலின் கார்தான் காரணம்.

"இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம் கதிர்வேல்" என்று வினோதினி டீச்சர் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சவாரி போனால் மறுபடி அரிசி மண்டிதான். பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கிக் கழுத்தெலும்பு தேய்ந்து, இனிமேல் தலையில் துண்டைத் தவிர எதையும் வைக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகு வாங்கிய பழைய கார் அது.

மாமனார் உத்திராபதியும் அதே மண்டியில் முப்பது வருஷம் மூட்டை இறக்கியவர். இப்போது வீட்டில் சும்மா இருந்தார். சுகர் இருந்தது. ஆனால் கார் தள்ள வேண்டும் என்றால் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். டீக்கடையிலிருந்து நாலு பேர் கை கொடுக்க வந்தால் விடமாட்டார். ஆளாளுக்குக் கை வைத்தால் வண்டி கோணிக்கொள்ளும் என்பார். பாதித் தெருவிலேயே கிளம்பிவிடும் வண்டியை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தண்ணீர்த் தொட்டிவரை தள்ளிக்கொண்டு போவார்.

அன்றும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிளம்பியது.

பேட்டரிக் கடையில் செல் போய்விட்டது என்றார்கள். புது பேட்டரி போட்டான். மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உத்திராபதி அதற்குள் துண்டைக் கட்டியிருந்தார்.

எலக்ட்ரீசியன் கலைமணியிடம் கொண்டுபோனான். கலைமணி டைனமோவைப் பார்த்தான், சரியாக இருந்தது. பெல்ட்டை இறுக்கினான், அது பூனை மாதிரி கத்த ஆரம்பித்தது. பிறகு மீட்டரை மாட்டி, எஞ்சின் அணைந்திருக்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தான்.

"ஒண்ணும் இழுக்கல மச்சான். கடியாரத்துக்கு உண்டானதுதான் போவுது. ராத்திரில எதுனா லைட்டு எரியுதா? பார்க் லைட்டு விடிய விடிய எரிஞ்சா போதும், காலைல காலி."

"கவர் போட்டு மூடிதான கெடக்குது. மாமாதான் தெனம் மூடறாரு. காலைல எடுக்கறதும் அவருதான். எரிஞ்சா அவருக்குத் தெரியாதா?"

கலைமணிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் வந்த வண்டியைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. பாட்டுப் பெட்டிதான் கரண்டைக் குடிக்கிறது என்று கழற்றினான். அடுத்த வாரம் சென்ட்ரல் லாக்கைக் கழற்றினான். அதிலிருந்து டிரைவர் கதவு பூட்டு விழவில்லை. "அதனால என்ன, திருடன் வந்தாலும் தள்ளிக்கிட்டுதான போவணும்" என்று ஆறுதல் சொன்னான். அதற்கடுத்த வாரம் ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து ஏதோ ஒயரை மாற்றினான். பேட்டரி வழக்கம்போல இறங்கியது. ஆனால் இப்போது இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது.

அந்தக் காரில்தான் டீச்சர்கள் சிதம்பரம் போனார்கள். புதுச்சத்திரம் தாண்டி எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கினான் கதிர்வேல். கார் விடாமல் அலறியது. பறையடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாடை தூக்கியவர்களில் ஒருவர் தோள் மாற்றிவிட்டுச் சண்டைக்கு வந்தார். நாலு டீச்சர்களும் இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, ஹாரன் தானாக அடிப்பதை ஊரே கேட்ட பிறகுதான் ஊர்வலக்காரர்கள் விட்டார்கள். எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பள்ளிக்கூட வாசல். புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வினோதினி டீச்சர் விரல் வைத்தபோது ஒன்பதடிக்கச் சில நொடிகள்தான் இருந்தன.

சாயங்காலம் இறங்கும்போது அவர், குறிஞ்சிப்பாடியில் ஒருவர் புது வண்டி வைத்திருக்கிறாராம் என்றார்.

அன்றைக்கு ஹாரன் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான் கதிர்வேல். வண்டியில் என்ன பேய் இருந்தாலும் இருக்கட்டும், குடிக்கக் கரண்டு இருந்தால்தானே. பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் தூக்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்தான். கழுத்து விண்ணென்று வலித்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா பொண்டாட்டிய வெளிய படுக்க வச்சிட்டு இத மெத்தையில போட்டுக்குவ" என்றாள் மலர்க்கொடி.

மறுநாள் சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது. டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றிக் காலை அகட்டி நின்றிருந்த உத்திராபதி, கார் நகர்ந்ததும் குப்புற விழப் பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான். பதினைந்து நாள் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. வினோதினி டீச்சர் குறிஞ்சிப்பாடிக்காரரை மறந்தார். கலைமணி அந்தப் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொண்டான். மாமனார் முகம் மட்டும் நாளுக்கு நாள் வாடியது. வாசலுக்கும் கொல்லைக்குமாக அலைந்தார். ஒரு நாள் சும்மா தள்ளிப் பார்க்கலாமா, எஞ்சினுக்குப் பழக்கம் விட்டுப்போகும் என்று கேட்டார். டீக்கடைக்காரர்கள் ஏன் இப்போதெல்லாம் தள்ளுவதில்லை என்று விசாரித்தால் எழுந்து வந்துவிடுவார்.

பதினாறாம் நாள் காலை சுகர் பார்க்கிற இசைவாணி வந்தாள். மாதம் ஒரு தடவை சின்ன மிஷினோடு வீடு வீடாக வருகிற பெண். நாலு மாசத்துக்கு முன்னால், தினமும் அரைமணி நேரம் நடக்காவிட்டால் கால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று உத்திராபதியிடம் கண்டிப்பாகச் சொன்னவள் அவள்தான். மைதானத்தில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஆபீசருங்க நடக்கிறார்களே, அப்படி நடக்கச் சொன்னாள்.

"அவுங்க ஆபீசருங்க, நடக்கலாம். வேல இல்லாம நான் ரோட்டுல கைய வீசிக்கிட்டு போனா மண்டி ஆளுங்க என்னா நெனப்பாங்க? கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சும்பாங்க" என்று அவர் அப்போதே முடியாது என்றுவிட்டார்.

இப்போது அவர் விரலில் குத்தி, மிஷினைப் பார்த்த இசைவாணியின் முகம் மாறியது.

"முன்னூத்திப் பத்து. போன மாசம் நூத்தி நாப்பதுக்கு வந்திருந்துச்சே பெரியப்பா."

உத்திராபதி ஓட்டுக் கூரையில் பல்லி தேடினார். அந்த நேரம் பார்த்துக் கதிர்வேல், காரில் மாட்டுவதற்காகப் பேட்டரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தான்.

இசைவாணி பேட்டரியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இத வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிட்டா, போன மாசம் எங்கிட்ட சொன்ன மாதிரி பெரியப்பா ராத்திரி எந்த லைட்ட போட்டு வைப்பாரு, காலைல எதத் தள்ளுவாரு அண்ணே?"