ஏழு சாக்கு விரிப்பும் ஒரு கருப்புக் குதிரையும்

அந்தியூர்ச் சந்தையில் அப்பா வேனை விட்டு இறங்கி, முதல் அடியையே சாணியில் வைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது எதையாவது மிதித்திருப்பார்கள். நான் என்ன செய்ய?)

அப்பாவுக்கு ஆடி மாதக் குதிரைச் சந்தை என்றால் உயிர். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். நாலு நாளும் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்காகவே ஒரு பழைய டீசல் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டிலும் அடுப்புப் பெட்டியும் பொருத்தி வைத்திருந்தார். உள்ளே வீடு மாதிரி இருக்கும். வெளியேதான் கால் வைக்க இடமிருக்காது. ஈரம் ஏறாமல், கழுவினால் சாணி போகிற மாதிரி, உட்கார்ந்தால் மெத்தென்று ஒரு விரிப்பு இருந்தால்?

அப்போது நான் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு அன்னூர் வீட்டில் சும்மா இருந்தேன். கோவை கணபதிப் பகுதியில் அப்பாவுக்கு ஒரு காலி ஷெட் உண்டு. அதில் நாலு மெஷின் போட்டு விரிப்பு, உறை, கூடாரம் என்று தைத்துத் தள்ள வேண்டும் என்பது என் வெறி. அதே ஷெட்டை ஒரு லேத்துக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும் கேட்டேன். அப்பா சொன்னார்: "அடுத்த ஆடிக்கு உன்ற விரிப்பு சந்தையில நாலு நாள் தாங்கட்டும் அம்மணி. தாங்குச்சுன்னா ஷெட்டு உனக்கு."

நாலு நாள். நாலு வருஷமே தாங்கும் என்றேன்.

அம்மாவின் தையல் மெஷினில் உரச் சாக்கை ஓட்டியதில் மூன்று ஊசி முறிந்தது. அம்மா மெஷினைப் பூட்டிவிட்டார். நான் மாமாவின் மாட்டுத்தீவனக் குடோனுக்குப் போனேன். அங்கே கையில் தூக்கிப் பிடித்து மூட்டை வாய் தைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. கடகடவென்று மூன்றே நொடியில் ஒரு மூட்டை. ஊசியும் முறியாது.

குடோனில் வேலை பார்த்த பழனிச்சாமியண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மணி, நாங்க பிரிக்கறதுக்குத்தானுங்க இதுல தைக்கறோம்."

"அதெல்லாம் நாங்க படிச்சிருக்கோமுங்கண்ணா" என்றேன். (படித்திருந்தேன். சங்கிலித் தையல் பற்றிப் பரீட்சையில் படம் வரைந்து முழு மார்க் வாங்கியவள் நான்.)

ஏழு சாக்கைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் மில் கழிவுப் பஞ்சைப் பரப்பி, பக்கம் பக்கமாக இணைத்து, ஏழு வாயையும் ஒரே ஓட்டத்தில், நூலை எங்கும் அறுக்காமல் தைத்து முடித்தேன். ஒரே நூல், நடுவில் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாக வேறு சொன்னேன்.

அடுத்த ஆடிச் சந்தையில் முதல் நாள் விரிப்பு பிரமாதமாக இருந்தது. அப்பா அதில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு, "ஷெட்டுக்கு வெள்ளை அடிக்கோணும்" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை மாமா வந்தார். அவரோடு சந்தைக்கு வந்த ஐந்தாறு பேரும் வேனில் முதுகைச் சாய்த்து விரிப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா காபி கொடுத்தார். மாமா ஒரு காங்கேயம் காளையின் திமிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் விரல் தன்பாட்டுக்கு விரிப்பின் ஓரத்தில் ஒரு நூல் முனையைத் தேடிப் பிடித்தது. முப்பது வருஷம் தீவன மூட்டை பிரித்த விரல் அது. கண்ணே தேவையில்லை.

சர்ர்ரென்று ஒரு சத்தம். ஒரே இழுப்பில் சங்கிலித் தையல் மொத்தமும் பிரிந்து, ஏழு வாயும் திறந்துகொண்டது. மாமா மட்டும் நிறுத்தாமல், "திமிலுன்னா அது திமிலுங்க மாப்ள" என்று நூலைக் கையில் சுற்றிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு யார் அசைந்தாலும் அவரவர் சாக்கிலிருந்து புஸ்ஸென்று பஞ்சு வந்தது. பதறி எழுந்தார்கள், இன்னும் வந்தது. அம்மியையே பறக்கவைக்கிற ஆடிக் காற்று, பஞ்சை விடுமா? காபியில் பஞ்சு, அப்பா மீசையில் பஞ்சு, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் பஞ்சு. அடுத்த கொட்டகையில் நின்ற குதிரை இரண்டு முறை தும்மியது.

குதிரைக்காரர் வந்தார். கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, கருப்புக் குதிரைன்னு சொல்லித்தானுங்க ரெண்டு நாளா வெல பேசிட்டிருக்கறேன். கொஞ்சம் வந்து பாத்துப்போடறீங்களா?"

போய்ப் பார்த்தேன். முந்தின ராத்திரி எண்ணெய் தடவி வைத்திருந்த குதிரை. இப்போது அது பாதிக் கிழவனாக நின்றது. நான் தேங்காய் நாரும் சீப்பும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அதன் பிடரியில் பஞ்சு பொறுக்கினேன். கையும் ஓய்ந்தது, வாயும் ஓய்ந்தது. குதிரைதான் அவ்வப்போது திரும்பி என்னைப் பார்த்தது, இவள் எந்தக் காலேஜ் என்பது போல.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் வந்து பக்கத்தில் நின்று, என் அனுமதி கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏனம்மணி, அந்த லேத்துக்காரர்கிட்டச் சரின்னு சொல்லிப்போடட்டுமா?"

"சொல்லிப்போடுங்கப்பா" என்றேன்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. அந்த ஷெட்டில் லேத் ஓடுகிறது. நான் ஒரு மில்லில், அடுத்தவர் நூற்ற நூல் எவ்வளவு இழுப்புக்குத் தாங்கும் என்று சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்தால், மாமா இன்றைக்கும் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, "நானொண்ணும் தொடலீங்" என்று சபைக்குச் சொல்கிறார். முதலில் சிரித்தேன், பிறகு முறைத்தேன். இப்போது இரண்டுக்கும் தெம்பில்லை.

ஆனாலும் சந்தையில் அம்மாவுக்குக் குளிக்க மறைவான இடமே இல்லை என்பது ரொம்ப நாளாக உறுத்துகிறது. வேனின் பின்கதவில் மாட்டுகிற மாதிரி, குழாய்ச் சட்டத்தோடு ஒரு திரைக் கூண்டு இந்த ஆடிக்குத் தைப்பதாக இருக்கிறேன். துணியும் வாங்கியாயிற்று. இந்த முறை நல்ல தையல் மெஷின், இரட்டைத் தையல், நூல் முனைகளுக்கெல்லாம் முடிச்சு.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. தெச்சுக் கொண்டா கண்ணு" என்றார். "மொதல்ல அதுக்குள்ள நீ குளி."