மணப்பெண்ணின் நிறம் குறித்து ஓர் உண்மை விளக்கம்

குத்தாலம்,
24-01-2026, சனிக்கிழமை, பிற்பகல் 4 மணி 15 நிமிடம்.

பெருமதிப்பிற்குரிய சந்தியாகு மாமா அவர்களுக்கும் அத்தை அவர்களுக்கும், மதலைமுத்து மகன் ரெமிஜியஸ் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். ‘இங்கே அனைவரும் நலம், அங்கே அனைவரும் நலமா’ என்று தொடங்கச் சொன்னார் அப்பா. இங்கே அனைவரும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் கடிதமே.

இன்று காலை 9 மணி 52 நிமிடத்துக்கு, பேராவூரணியில், ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எதிரே தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்தவர்கள் நாங்கள்தான். எண்ணிக்கை நான்கு. நீங்கள் மூன்று தலைகளைத்தான் பார்த்திருப்பீர்கள். நான்காவது என் அம்மா; அவர் அப்போது மயங்கித் தரையில் கிடந்தார். அதன் பிறகு உங்களுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நாளை ஞாயிறு பூசையில் நம் இரண்டு ஊர்க் கோவில்களிலும் உங்கள் மகன் ஹிலாரிக்கும் என் தங்கை ஜெனிட்டாவுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறையாக வாசிக்க வேண்டும். நீங்கள் கோபத்தில் பங்குச் சாமியாரிடம் போய் அதை நிறுத்திவிடுவீர்கள் என்று அம்மா மத்தியானத்திலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நிறுத்த வேண்டாம், பிப்ரவரி 11 கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படிக்கவும்.

முதலில் நிறம். நவம்பரில் பெண் பார்க்க வந்த அன்று அத்தை ஜெனிட்டாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, “போட்டோவைவிடப் பொண்ணு நல்ல கலரா இருக்கே” என்றார். எங்கள் அம்மா அதை அந்த வாரம் தெரு முழுக்கச் சொல்லி முடித்தார். மாமா, அது கலர் அல்ல. ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாமல் வெளுத்துப்போனது. வைத்தியம் பார்த்தால் அவள் பழையபடி மாநிறத்துக்கு வந்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு ‘காட்டினது ஒரு கலர், கொடுத்தது ஒரு கலர்’ என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இப்போதே எழுத்தில் தருகிறேன்.

நான் அரிசி ஆலைகளில் கலர் சார்ட்டர் மெஷின் பழுதுபார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். மேலிருந்து அரிசி கொட்டும், கேமரா பார்க்கும், பழுப்பு மணி, கறுப்பு மணி, சுண்ணாம்பாக வெளுத்த மணி எல்லாவற்றையும் காற்று அடித்துத் தள்ளிவிடும். லட்சம் மணியில் நாலு வெளுத்த மணி தப்பினால் ஆலை முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். வெளுத்ததைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட எனக்கு, ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் வெளுத்திருக்கிறாள் என்று பேனா தேடப் போகும்வரை தெரியவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் அவள் கைப்பையில் கைவிட்டேன். அவள் கணக்கு டீச்சர், ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தது. திறந்தால் உள்ளே காம்பஸ் இல்லை, பச்சரிசி.

“என்ன இது?”

“அரிசி.”

“தெரியுது. எதுக்கு?”

“திங்க.”

“வீட்ல சோறு போடலையா ஒனக்கு?”

“சோறு வேற, அரிசி வேற. பேனா சைடு ஜிப்புல இருக்கு, எடுத்துட்டுப் போ.”

போன வருடம் ஒரு ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. வந்த டாக்டரம்மா மைக்கில், “பச்சரிசி, சாம்பல், மண்ணு, ஐஸ் கட்டி, இதெல்லாம் திங்கணும்னு வாய் நமநமன்னு இருந்தா அது ஆசை இல்லம்மா, ஒடம்புல இரும்பு இல்லன்னு அர்த்தமா இருக்கலாம், ரத்தத்தைப் பாருங்க” என்று சொன்னார். நான் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே விசாரணையைத் தொடங்கினேன். மாடி வகுப்புக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று நோட்டீஸ் போர்டைப் படிப்பாளாம். அதே நோட்டீஸை ஜூலையிலிருந்து படிக்கிறாள். நகம் தட்டையாகி நடுவில் குழிந்திருந்தது. சாயங்காலமானால் தலைவலி. முடி கொட்டுகிறதா என்று பார்க்கச் சீப்பைக் காட்டச் சொன்னேன், அடித்தாள். அடி வலிக்கவே இல்லை. அதையும் அறிகுறியாகக் குறித்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா தலையில் கைவைத்து, “அய்யய்யோ, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டுமேடி!” என்றார். அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார்.

“பதினோராந் தேதி கல்யாணம், பத்தாந் தேதி அறுப்பு மெஷினுக்குச் சொல்லியிருக்கேன். மூணு ஏக்கர் நிக்குது. எவ்வளவு தின்ன நீ?”

“தினம் ரெண்டு கைப்பிடிப்பா.”

“எத்தன நாளா?”

“ஆடியிலேர்ந்து.”

அப்பா வாய்க்குள் கணக்குப் போட்டார். “புயலே வரும்போலருக்கே” என்றார். அன்று சாயங்காலமே அரிசி டிரம்முக்குப் பூட்டு போட்டார்கள். மழையைத் தடுக்க எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. ரத்தத்துக்கு எடுக்கப்பட்ட நடவடிக்கை, பீட்ரூட் ஜூஸ். அதைக் குடித்த கையோடு அம்மா ஒரு டம்ளர் கெட்டி டீயும் கொடுப்பார். சாப்பாட்டோடு டீ குடித்தால் இருக்கிற இரும்பும் உடம்பில் ஒட்டாது என்றேன். “ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா டீயவுமா குத்தம் சொல்லுவ?” என்றார்.

டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றதும் அம்மா ஒரு சட்ட நுணுக்கம் சொன்னார். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்த சாமியார், ‘இவர்கள் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாகத் தெரிந்தால் தெரிவிக்க வேண்டும்’ என்றார் இல்லையா? அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தெரிஞ்சாத்தானே சொல்லணும்? டெஸ்ட்டு எடுத்தா தெரிஞ்சிரும். தெரிஞ்சும் சொல்லாட்டி பாவம். எடுக்கலன்னா தெரியாது, தெரியலன்னா பாவமில்ல. மூணு ஓலையும் முடியட்டும், தாலி ஏறட்டும், அப்பறம் நீ ஊசியோ கடப்பாறையோ எதை வேணாலும் குத்து.” திருச்சபைச் சட்டத்தில் கல்யாணத் தடைகள் என்னென்ன என்று நான் போனில் தேடி வாசித்துக் காட்டினேன். ஹீமோகுளோபின் அதில் இல்லை. அம்மா நம்பவில்லை. ‘சரி, அப்ப நானே போய் சாமியார்ட்ட தடைன்னு எழுதிக் குடுக்கறேன்’ என்று சட்டையை மாட்டினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா, “பேராவூரணி” என்றார்.

ஏன் பேராவூரணி? அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒரு காது கேட்டால் மாலைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு அது பெரிய வியாதியாகப் போய்ச் சேரும் என்பது அம்மாவின் பயம். குத்தாலத்தில் நடந்து போகிற தூரத்தில் பரிசோதனை நிலையம் இருக்க, நாங்கள் வாடகைக் காரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனோம். போகிற வழி உங்கள் நீடாமங்கலம் என்பதை அம்மா திட்டத்தில் சேர்க்கவில்லை. ஊர் எல்லையிலேயே, “எல்லாரும் குனிங்க” என்றார். குனிந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. இருபத்தாறு நிமிடம். எஞ்சின் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. நாங்கள் நாலு பேரும் முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டு அதைக் காதால் பார்த்தோம். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாள் கண்ணாடியைத் தட்டி டிரைவர் காத்தானிடம், “என்ன தம்பி, காருக்குள்ள ஜெபமா?” என்று கேட்டார். காத்தான் உண்மை விளம்பி. “இல்லக்கா, கல்யாணப் பொண்ணுக்கு ரத்த டெஸ்ட்டு, யாருக்கும் தெரியாம எடுக்கப் போறாங்க” என்றார், கேட்டில் நின்ற ரெண்டு பஸ்ஸுக்கும் கேட்கிற குரலில்.

இப்படியாக ரகசியம் காத்து, டெஸ்ட் என்றால் வெறும் வயிறு என்று அம்மா கட்டளையிட்டிருந்ததால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பேராவூரணியில் இறங்கினால் எதிரே நீங்கள். நாங்கள் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் போனோம். அத்தை உங்களை இளநீர் வண்டிக்குப் பின்னால் இழுத்தார். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று நான் கேட்கப் போவதில்லை. முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தீர்கள்; அத்தை கையில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தரும் உணவுப் பட்டியல் இருந்தது. பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் யாரோ அதே ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் சர்க்கரை எங்களுக்குத் தடை இல்லை. அவளுடைய இரும்பு உங்களுக்கும் தடையாக இருக்கக் கூடாது. இதுதான் நியாயம்.

உங்களைக் கண்டதும் அம்மா “மாதாவே” என்று சரிந்தார். நிலையத்தில் ரத்தம் எடுக்கிற கமருன்னிஸா என்கிற அக்கா ரோட்டைத் தாண்டி ஓடிவந்து தண்ணீர் தெளித்தார். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாருக்கு டெஸ்ட்டுன்னு வந்தீங்க?”

“தங்கச்சிக்கு. ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும்.”

“இவங்களுக்கும் எடுக்கணும் தம்பி.”

அம்மா கண்ணைத் திறந்தார். “எனக்கென்னத்துக்கு? நான் சம்பந்தியப் பாத்துப் பயந்து விழுந்தவ.”

“பயந்தா இமைக்குள்ள வெளுக்காதுக்கா. இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட வரணும்னும் அவசியமில்ல. யாரு சொன்னா?”

நாங்கள் மூவரும் தேங்காய்களைப் பார்த்தோம். கமருன்னிஸா அக்கா பிடிவாதமாக அம்மாவுக்கும் எடுத்தார். அது தேவையில்லாத ஊசி என்பது என் கருத்து. எங்கள் அம்மா கருங்கல். காலை நாலு மணிக்கு எழுந்து மாட்டிலிருந்து மனிதர் வரை எல்லாருக்கும் போட்டுவிட்டு, இருப்பதை நின்றுகொண்டே சாப்பிடுகிறவர். ஒருநாள் உடம்பு சரியில்லை என்று சொன்னதில்லை. ஆகவே அவர் மயங்கியதை நீங்கள் குடும்ப வியாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபெரிட்டின் எதற்கு என்று அப்பா கேட்டார். உங்களுக்கும் கேள்வி வரும். ஹீமோகுளோபின், ரோட்டில் ஓடுகிற லாரி. ஃபெரிட்டின், உடம்பு சேமித்து வைத்த இரும்பு, குடோனில் இருக்கிற மூட்டை. லாரி ஓடுகிறதே என்று இருந்தால் குடோன் காலியானது தெரியாது. இரண்டையும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று டாக்டர் பார்ப்பார், மாத்திரை தருவார், சில மாதம் விடாமல் சாப்பிட்டால் ஏறிவிடும். அவ்வளவுதான். இதற்குப் போய்த் தேங்காய்க்குப் பின்னால் ஒளிந்ததற்கு நான் வெட்கப்படுகிறேன், ஒளிந்ததற்கு மட்டும்.

ஆகவே மாமா, நாளை ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். பதினோராம் தேதியை மாற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் மறைக்க வேறு எதுவும் இல்லை. இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அத்தைக்கு என் வணக்கம், உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் தேக சௌக்கியம் கிடைக்க இறைவன் அருள்வாராக.

இப்படிக்கு,
ம. ரெமிஜியஸ்

பின்குறிப்பு: மணி 7.10. ரிப்போர்ட் வந்துவிட்டது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கும் ஃபெரிட்டின் 15-க்கும் குறையக் கூடாதாம். ஜெனிட்டா: ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டின் 5. நான் நினைத்தபடிதான். அம்மா: ஹீமோகுளோபின் 6.2, ஃபெரிட்டின் 3. பெயர் மாறியிருக்கும் என்று கமருன்னிஸா அக்காவுக்குப் போன் செய்தேன். “மாறல தம்பி, ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். எப்பிடி நடமாடுறாங்கன்னே தெரியல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மாசாமாசம் எத்தன நாள், எவ்வளவு போகுதுன்னு கேட்டு வைங்க, டாக்டர் அதத்தான் முதல்ல கேப்பாங்க” என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஜெனிட்டா, “அம்மா நிக்க முடியாம கெடக்கறப்ப எனக்கு எந்தக் கல்யாணமும் வேணாம்” என்று சொல்லிவிட்டு ரெண்டு பேருக்கும் துணி எடுத்து வைக்கப் போனாள். அம்மா, “ரிப்போர்ட்ட கிழிச்சுப் போடுடா, கல்யாணம் முடியட்டும்” என்கிறார். ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டுப் படியுங்கள். பிப்ரவரி 11 வேண்டாம். ஈஸ்டர் முடிந்து ஒரு தேதி சொல்லுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் அதையும் சொல்லுங்கள். அம்மாவை வைத்து அவசரப்பட முடியாது. நான் இனிச் செய்யப்போவது:

1. காத்தான் கார் வருகிறது. அம்மாவை மயிலாடுதுறைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். வர மறுத்தால் தூக்கிக்கொண்டு போவேன். இப்போது யோசித்தால் போன மாதம் அரிசி டிரம்மை நகர்த்த, வழியில் நின்றவரைத் தூக்கி ஓரமாக விட்டபோதே அவர் எடை குறைவாக இருந்தார்.

2. இந்தக் கடிதத்தை அப்பா நாளைக் காலைப் பூசைக்கு முன் உங்களிடம் கொடுப்பார். அவர் மழையைப் பற்றிப் பேசினால் பேச விடுங்கள். இன்று அவர் அழுதார்.

3. ஜெனிட்டாவையும் அதே டாக்டரிடம் காட்டுவேன். மாத்திரை எத்தனை மாதமோ அத்தனை மாதமும் எண்ணிக் கொடுப்பேன், அடித்தாலும்.

4. அத்தைக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். இது குற்றச்சாட்டு அல்ல.

5. கமருன்னிஸா அக்கா கேட்கச் சொன்னதை அம்மாவிடம் கேட்கப் போகிறேன். இருபத்தேழு வயதில் எனக்கு வாய் வராத ஒரே கேள்வி. அப்பா கேட்க மாட்டார். காரில் ஏறியதும், கதவைச் சாத்திவிட்டு, நானே கேட்பேன்.