மஞ்சள் டீ-சட்டைக்கு ஒரு மறுப்பு அறிக்கை

தம்பின் ஊரில் வாழும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சன்னாசி அவர்களுக்கு,

அம்பாங்கானிலிருந்து வீரமுத்து கைகூப்பி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். அங்கு நீங்களும் மாப்பிள்ளை முகுந்தனும் நலம் என்று நம்புகிறேன். போனை நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், ஆகவே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கவலை தீர்ந்தது, சம்பந்தி! நிச்சயதார்த்தத்தை நிறுத்த வேண்டாம். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தொண்டர்களுக்கு மஞ்சள் டீ-சட்டை என் உபயம். சும்மா கொடுக்க நான் என்ன மகாராஜாவா, முதுகில் ‘வீரமுத்து பந்தல், நாற்காலி வாடகை’ என்று போன் நம்பரோடு அச்சடித்தேன். ஓசிச் சட்டை என்றால் தொண்டன் அல்லாதவனும் கை நீட்டுவான். அப்படி வாங்கிய எவனோ கள்ள சிகரெட் கும்பலில் இருந்திருக்கிறான். போலீஸின் குற்ற உளவு மையத்தார் கும்பலைப் பிடித்து, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சிகரெட் பெட்டிகளை வரிசைத் தட்டு போல மேசையில் பரப்பி, குற்றம் நிரூபணமாகாதவர்களின் முகம் தெரியக்கூடாது என்று அத்தனை பேரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்துப் படம் எடுக்கவிட்டார்கள். அவன் முகம் தப்பித்தது, என் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. செய்தியில் அவன் வெறும் ‘உள்ளூர் ஆடவர்’. அன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. “அண்ணே, சிகரெட் ஸ்டாக் இருக்கா லா?” என்று எவனோ கேட்கிறான். பந்தல் சொன்னவர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். தேதியைத் தள்ளிப் போடலாம் என்று நீங்கள் சொல்லியனுப்பியதும் என் மகள் ரோகினி சாப்பிடாமல் படுத்துவிட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிரம்பானுக்கு ஓடினேன். மையத்தில் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்பவர் இன்ஸ்பெக்டர் ரஜியா, நம் தமிழ்ப் பெண்.

“ஏம்மா, சட்டைய கழட்டிட்டு நிக்க வச்சிருக்கக் கூடாதா?” என்றேன்.

“அது மானக்கேடு லா, அங்கிள். கைதிக்கும் உரிமை இருக்கு.”

“அப்ப என் மானம்?”

“நீங்க கைதி இல்லையே. உங்களப் பத்தி சொல்றதுக்கு எங்ககிட்ட ரூல்ஸே இல்ல.”

பிடிபட்டவனுக்கு உள்ள மரியாதை பிடிபடாதவனுக்கு இல்லை, பார்த்தீர்களா! அந்த நேரம் பார்த்து ஒரு நிருபர் போன் செய்து, அந்த வீரமுத்துவும் கும்பல்தானா என்று கேட்டார். “ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லன்னும் சொல்ல மாட்டோம்” என்று என் எதிரிலேயே பதில் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். நான் நாற்காலியிலேயே அழுதுவிட்டேன், சம்பந்தி. மகள் கல்யாணம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் எழுந்து மேலதிகாரியிடம் போனார். திரும்பி வரும்போது கையில் மறுப்பு அறிக்கை. டீ-சட்டையில் உள்ள பெயருக்குரியவருக்கும் கும்பலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று முத்திரையோடு இருந்தது. ஜனங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று கோட்டும் டையும் போட்ட என் படத்தையும் கூடவே அனுப்பச் சொன்னேன். போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் சொன்னதும் ரோகினி எழுந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

நாளைக் காலைப் பத்திரிகையில் வருகிறது. தம்பின் கடைகளில் உள்ளதையெல்லாம் வாங்கி உறவினர் அனைவருக்கும் காட்டுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இருவர் குடும்பமும் தழைக்க அம்மன் துணை.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கப் போகும்
வீரமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விடிந்து பத்திரிகை வந்துவிட்டது. மறுப்பு ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. என் படத்தையும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால், குற்ற உளவு மையத்திலிருந்து வரும் படம் என்றால் முகத்தை மறைப்பதுதான் வழக்கமாம். என் கண்கள் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டார்கள். தயவுசெய்து பத்திரிகை வாங்க வேண்டாம்.