நில்லு அண்ணனின் வலது கால்

கொச்சி மட்டாஞ்சேரியில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு லைசென்ஸ் கிடையாது.

இது எனக்கு உறைத்தது பாலத்து இறக்கத்தில். பழைய ஜீப்புக்குப் பூதாகாரமான டயர்களை மாட்டிய பெருமையில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு மீன் ஆட்டோ. பிரேக்கை மிதித்தேன். ஜீப், யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் மிச்சமிருக்கையில் நின்றபோது, கூடையிலிருந்த அயிலைகள் எல்லாம் என்னையே பார்த்தன. முன்சக்கரங்களின் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஞாயிறன்று அப்பாவை வாகமண் மலைக்குக் கூட்டிப்போவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நில்லு அண்ணன் பஜார் ரோட்டில் மிளகு லாரிகளுக்கு பிரேக் வேலை மட்டும் செய்பவர். நாற்பது வயதிருக்கும். நிஜப்பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். எந்த வண்டியில் ஏறினாலும், எந்த சீட்டில் உட்கார்ந்தாலும், வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். ஆலுவா பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டர், "எந்தா சேட்டா, இங்கன சவிட்டுறது?" என்று மிதிப்பதைக் காட்டிக் கேட்டதற்கு, "டிரைவர் மறந்துபோனா?" என்றாராம். வலது செருப்பு மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். அவர் வீட்டு வாசலில் புத்தம்புது இடது செருப்புகள் மட்டும் வரிசையாக நிற்கும்.

பிரேக் சரியில்லாத வண்டியை அவர் வெளியே விடமாட்டார். வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் ஸ்டியரிங்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். தோளில் இரண்டு ஸ்டியரிங்கோடு படகில் ஏறியவரிடம் டிக்கெட்காரர், "போட்டுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு சேட்டா" என்று சொன்ன கதை இன்றும் படகுத்துறையில் ஓடுகிறது.

அவர் ஷெட்டில், அவர் ஸ்பேனர்களால், என் பொறியியல் பட்டத்தை நம்பி, ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து நானே டிஸ்க் மாட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

"எப்படி அண்ணே?"

"பஞ்சு மெத்தை. தலையணை ஒண்ணு தா மோளே, உறங்கலாம்."

பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருந்தால் மிதி அப்படித்தான் அமுங்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிப்பதற்கு அவரைவிட ஆள் உண்டா? மூன்று முறை செய்தோம். ஆயில் டப்பா காலி. மிதி பஞ்சாகவே இருந்தது.

"இடது சீட்டுல ஆரு உக்காருவா?" என்றார்.

"அப்பா."

ஸ்பேனரை எடுத்தார். ஐந்தே நிமிடத்தில் என் ஸ்டியரிங் அவர் கக்கத்தில் நடந்துபோனது.

"அண்ணே! ஞாயித்துக்கிழமை மலைக்குப் போகணும். அப்பா தொப்பி எல்லாம் வாங்கிட்டார்!"

"வீட்டுக்குள்ள வச்சுக்கட்டும் மோளே. நல்லா இருக்கும்."

சனிக்கிழமை காலை முழுக்க ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். காற்று மேலேதான் ஏறும். அது வெளியேற வேண்டிய திருகோ கீழே பார்த்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களை நான் இடவலம் மாற்றி மாட்டியிருந்தேன்! வீடியோக்காரர் செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறார். அவருடைய வலது எனக்கு இடது. அவர் பனியனில் எழுத்துகள் திரும்பிக் கிடந்ததைப் பார்த்து, ஏதோ வெளிநாட்டு மொழி என்று நினைத்த பட்டதாரி நான்.

மாற்றி மாட்டி, ஆள் பிடித்து மிதிக்கவைத்து, காற்றை எடுத்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன். ஸ்டியரிங்கைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார். மிதித்தார்.

"கல்லு" என்றார்.

பிறகு, மட்டாஞ்சேரிக்கு வாய்த்த ஒரே மலையான அந்தப் பாலத்துக்குப் போனோம். நான் ஓட்ட, அவர் இடப்பக்கம். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, இறக்கத்தில் முழு பலத்தோடு மிதித்தேன். ஜீப் ஆணி அடித்ததுபோல நின்றது. அவர் காலடியில் ரப்பர் பாய் கிழிந்திருந்தது.

"கொள்ளாம்" என்று மெச்சினார். "பாதி நிறுத்தினது ஞானாக்கும்."

"நாளைக்கு நீங்களும் வாங்க அண்ணே."

"மலையிலயா? இடது சீட்டுல சவிட்ட ஒண்ணும் இல்லியே. ஞான் வரல." பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து, எந்த வளைவில் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்.

ஞாயிறு மாலை திரும்பி வந்தபோது பாலத்தடி சாயாக்கடையிலிருந்து, "நில்லு!" என்று குரல். நின்றேன். காலையிலிருந்து அண்ணன் அங்கேயே இருக்கிறார் என்றார் கடைக்காரர். ஒன்பது சாயா ஆகியிருந்தது. அண்ணன் குனிந்து முன்சக்கரத்தருகே கைவைத்துச் சூடு பார்த்தார். அப்புறம் அப்பாவின் செருப்பைப் பார்த்தார்.

"சவிட்டினீங்களா?"

"பின்ன! இறக்கம் முழுக்க" என்றார் அப்பா, தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

அடுத்த வேலை முடிவாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் கார்களில் இருப்பதுபோல இடப்பக்கமும் ஒரு பிரேக் மிதி. ஒப்புக்கு வைத்தால் அண்ணன் முதல் மிதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே நிஜமாகவே இணைக்கப்போகிறேன். அப்பா பின் சீட்டுக்குச் சம்மதித்துவிட்டார். பிராட்வே கடைத்தெருவில் அண்ணனுக்கு வலது செருப்பு மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஒற்றையாகத் தரமாட்டார்களாம். ஒரு ஜோடியாகவே வாங்கி வைத்திருக்கிறேன்.