எழுதாமல் இருக்க ஒரு ரூபாய்

லஞ்சம் வாங்குகிறவர்களால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவ்வப்போது யாராவது கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். வாங்க மறுக்கிறவர்களால் எவ்வளவு நஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. என் பங்கை மட்டும் என்னால் சொல்ல முடியும். பதின்மூன்றாயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய். (ரயில் டிக்கெட் தனி.)

அறுபதுகளின் நடுவில், பி.காம். முடித்த கையோடு, தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். செம்பூரிலிருந்து சயான் வரை பஸ், அப்புறம் நடை. அப்பா ரயில்வே ஊழியர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பொய் சொல்லக் கூடாது, கையெழுத்து சாயக் கூடாது என்ற இரண்டு கட்டளைகளில் என்னை வளர்த்திருந்தார்கள்.

கம்பெனி முதலாளி மைதீன் பாயும் திருநெல்வேலிக்காரர்தான். கீழே தொட்டிகளில் தோல் ஊறும். மாடியில் ஆபீஸ். நடுவே பதினான்கு படிகள். சேர்ந்த முதல் இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் பின்பக்கத்துத் தொட்டிகளைப் பார்க்கப் போனதில்லை. ஒடிகொலோன் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தெருவிலிருந்து நேரே மாடி, மாடியிலிருந்து நேரே தெரு. அந்தக் கைக்குட்டைதான் இந்தக் கதையின் வில்லன். அப்போது அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷக் கணக்குகளையும் சம்பளப் படிவங்களையும் பார்க்க மாட்டுங்காவிலிருந்து ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். வாரநாளில் கோட்டைப் பக்கம் ஏதோ பெரிய ஆபீஸில் வேலை. எல்லோருக்கும் அவர் ‘சண்டே சார்’. அந்த ஏப்ரலில் கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் போனார். போகும்போது, “சம்பள ரிட்டர்ன் ஏப்ரலுக்குள் வரி ஆபீசுக்குப் போகணும். போன வருஷத்துக் காப்பியைப் பார்த்து அப்படியே அடித்துவிடு. யோசிக்காதே” என்றார்.

கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பின் முதல் சனிக்கிழமை. சண்டே சாரின் மேசையில் உட்கார்ந்து வாரக் கூலி கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சுப்பையா என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கிழிந்த பனியன், முழங்கால் வரை சுண்ணாம்பு. வவுச்சரில் பெருவிரலை வைத்து இருநூற்று அறுபத்தொரு ரூபாய் வாங்கினார். பிறகு அதிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து, மைப்புட்டிக்கு அடியில் செருகினார்.

“என்ன இது?” என்றேன்.

“வழக்கமா உள்ளதுதான் யம்மா.”

எனக்கு ரத்தம் கொதித்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே, உழைத்த காசை உழைக்காதவருக்குக் கொடுப்பது பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவர் என்னைச் சற்று பயத்தோடு பார்த்துவிட்டுப் போனார். நேர்மை பயமுறுத்தத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் படிவத்தை எடுத்தேன். போன வருஷத்துக் காப்பியில் இரண்டே பெயர்கள்: மானேஜர், கெமிஸ்ட். மற்ற தொழிலாளர்களின் கூலி வரி எல்லைக்கு மிகக் கீழே. சரி. ஆனால் வவுச்சர்களைப் புரட்டியபோது ஒரே பெயர் வாரம் தவறாமல் வந்தது. சுப்பையா, 261. சுப்பையா, 261. ஐம்பத்திரண்டு வாரம். பெருக்கினேன்: 13,572. மானேஜரின் வருஷச் சம்பளமே ஆறாயிரம்தான்.

கிழிந்த பனியனுக்குள் ஒரு பணக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். இவ்வளவு சம்பாதிப்பவர் பெயர் எந்த வருஷத்து ரிட்டர்னிலும் இல்லை. மைப்புட்டிக்கு அடியில் வந்த ஒரு ரூபாய்க்கும் இதற்கும் முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை. (அந்த முடிச்சு சரி என்பதுதான் வேடிக்கை. மற்ற எல்லாம் தப்பு.)

பதினான்கு படி இறங்கி யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று கார்பன் வைத்து, சுப்பையாவின் பெயரை மானேஜருக்கு மேலே அடித்தேன். ‘பிடித்த வரி’ என்ற கட்டத்தில் ‘இல்லை’. அதோடு நின்றிருக்கலாம். ஒரு விளக்கக் கடிதமும் இணைத்தேன். ‘இந்த நபருக்கு வரி பிடிக்கத் தவறியதற்கு வருந்துகிறோம். முந்தைய ஆண்டுகளிலும் இவ்வாறே விடுபட்டிருக்கலாம் எனத் தெரிகிறது.’ நான் பென்சில் புள்ளி இட்ட இடத்திலெல்லாம் முதலாளி கையெழுத்துப் போட்டார். ரிட்டர்ன் போயிற்று. சட்டப்படி ஊழியருக்குத் தரவேண்டிய சம்பளச் சான்றிதழையும் அடித்து, சனிக்கிழமை கூலியோடு சுப்பையாவின் கையில் கொடுத்தேன். கம்பெனி வரலாற்றில் கீழ்த்தளத்துக்குப் போன முதல் டைப் அடித்த காகிதம்.

திங்கட்கிழமை காலை படிகளில் பலர் ஏறும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு பேர் ஆபீசுக்குள் வந்தார்கள். முன்னால் சுப்பையா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பக்கத்தில் சான்றிதழோடு தங்கராஜ் என்ற இளைஞர். எட்டாவது வரை படித்தவர், அந்தக் கூட்டத்துக்கே படிப்பாளி.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: சுப்பையா முகாதம், மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டி வேலை முழுவதும் அவருடைய ஆட்களின் குத்தகை. மொத்தக் கூலியை அவர் ஒருவர் வாங்கி, கீழே போய் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். மொத்தம் எவ்வளவு என்பது முதலாளிக்கும் அவருக்கும்தான் தெரியும். இருபது வருஷமாக யாரும் கேட்டதில்லை.

இப்போது கேட்டார்கள்.

“அண்ணாச்சி, சர்க்கார் காயிதம் பதிமூவாயிரத்துச் சொச்சம்னு சொல்லுது” என்றார் தங்கராஜ். “மாசத்துக்கு நாலு வாரம். பன்னெண்டு மாசம். நாப்பத்தெட்டு. வகுத்தா வாரம் இருநூத்தி எம்பத்திரண்டே முக்கா வருது. நாங்க பதினோரு பேருக்கு ஆளுக்கு இருவது. ஒமக்கு ரெட்டைப் பங்கு, நாப்பது. ஆக இருநூத்தி அறுவது. வாரம் இருவத்திரண்டே முக்கா எங்க போச்சு? ஒரு ஆளு கூலிக்கு மேல இருக்கே?”

நான் எழுந்து நின்றேன். “தப்பு என்னுடையது. எல்லோருடைய கூலியையும் இவர் பெயரில் எழுதிவிட்டேன். டைப் அடித்ததில் வந்த பிழை.”

“கையால எழுதுனா தப்பு வரும்மா. மிசின்ல எப்படி வரும்?”

“வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், நாற்பத்தெட்டு இல்லை.”

“மாசத்துக்கு நாலு வாரமில்லாம, அஞ்சா?” என்று அவர் திருப்பிக் கேட்டபோது பதினோரு பேரும் சிரித்தார்கள். பி.காம். பட்டம் ஒன்றும் உதவவில்லை. கடைசியில், இந்தக் காகிதம் எந்த ஆபீசுக்குப் போயிற்றோ அந்த ஆபீஸ் சொன்னால் நம்புவதாகவும், அதுவரை சுப்பையாவின் சொல்லுக்காகத் தொட்டியில் இறங்குவதாகவும், சர்க்காரும் காகிதம் சரி என்றால் வேறு முகாதம் பார்த்துக்கொள்வதாகவும் முடிவாயிற்று.

எல்லோரும் போன பின் சுப்பையா மட்டும் நின்றார். “யம்மா, அந்த வாரக் கணக்கை ரொம்பக் கிண்டாதீய. கூட்டிக் கழிச்சா வேற எதாவது வந்துரும்.”

கிண்டாமல் இருப்பேனா? வீட்டுக்குப் போய் அப்பாவின் ரயில்வே காலண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வாங்குவது 261. பங்குகள் மொத்தம் 260. வாரம் ஒரு ரூபாய் உதைத்தது. மைப்புட்டியின் ரூபாய். ஆள் பணக்காரர் இல்லை, சரி. ஆனால் பதினோரு பேருக்குத் தெரியாமல் அவர்கள் காசில் ஒரு ரூபாயை எடுத்து யாருக்கோ லஞ்சம் கொடுத்துவந்திருக்கிறார். வரி ஆபீசில் இது வெளியே வந்தால் இருபது வருஷத்து முகாதத்தனம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். எனக்குப் பரிதாபமாக இருந்தது. உள்ளூரக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. ஒரு சின்ன ஊழலையாவது என் ரிட்டர்ன் பிடித்துவிட்டதே.

இடையில் சுப்பையாவின் மனைவி வேலம்மாள் ஒருநாள் மாடிக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. “மிச்சத் துட்டு எந்த வீட்டுக்குப் போவுது? கணக்கு எழுதுனவ நீ, வெலாசத்தையும் எழுதியிருப்ப. குடு.” அப்படி ஒரு வீடு இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். “அவளுக்காகப் பேச வந்துட்டா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜூனில் மழையோடு சம்மனும் வந்தது. முதலாளி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். வரியையும் அபராதத்தையும் அவரிடமே ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்து. “முந்தின வருசத்தை அவுகளுக்கு யாரு சொன்னா?” என்றார். நான் சொன்னேன். சம்மனை மடித்து என் மேசையில் வைத்தார். “ஏம்மா, நீ பி.காம். படிச்சது எங்கிட்ட வேலை பாக்கவா, எம்மேல கேஸ் போடவா?”

பன்னிரண்டு பேரும், முதலாளியும், நானும் மாஹிமில் ரயில் ஏறினோம். அவர்கள் குளித்து, வெள்ளை உடுத்தி, எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார்கள். ஆனால் தோல் வாடை சோப்புக்குப் போவதில்லை, மழை ஈரத்தில் எழுந்து உட்காரும். பம்பாய் ரயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாக எழுந்து இடம் கொடுத்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். “ஜனங்க மருவாதி தெரிஞ்சவுக” என்றார் தங்கராஜ், காலை நீட்டிக்கொண்டு.

சர்ச்கேட் அருகே வரி ஆபீசில் அதிகாரியின் அறை சிறியது. நாங்கள் நுழைந்ததும் அவர் மின்விசிறியைக் கூட்டினார். வாடை சுழன்றது. குறைத்தார். வாடை நின்றது. பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் எங்கோ பார்த்திருந்தேன். இரண்டு மாதமாகப் பதினான்கு படிகளுக்கு மேலே, என் கைக்குட்டைக்குப் பின்னால்.

சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது. தங்கராஜ்தான் முதலில் மாட்டினார். “ஹஃப்தே மே கித்னா மில்தா ஹை?”

“வாரக் கூலி கேக்காரு” என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, “பீஸ் ருப்யா” என்றார்.

பதினோரு முறை பீஸ் ருப்யா, இருபது ரூபாய். சுப்பையா நாற்பது. அதிகாரி சுவர்க் காலண்டரைப் பார்த்து ஐம்பத்திரண்டு என்று எழுதினார். “சர்க்கார் காலண்டர்லயே அம்பத்திரண்டுதான்லா” என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். இருபத்திரண்டே முக்கால் ரூபாய்ச் சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது. சுப்பையாவுக்கு யாரும் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கும் முன், அதிகாரி பென்சிலால் மேசையைத் தட்டினார். இருநூற்று அறுபது. வவுச்சர் இருநூற்று அறுபத்தொன்று. “ஏக் ருப்யா கிதர் கயா?” ஒரு ரூபாய் எங்கே?

பதினோரு தலைகளும் சுப்பையாவின் பக்கம் திரும்பின. அவர் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“சண்டே சாருக்கு” என்றார்.

அதிகாரிக்கு நான் மொழிபெயர்த்தேன். எதற்காக என்று அவர் கேட்டார்.

“எம்பேரை எழுதாம இருக்கதுக்கு.” தலையை நிமிர்த்தினார். “ஒம் பேரை எழுதுனா சர்க்கார் வரும்னு அவரு சொன்னாரு. நானும் வாரா வாரம் குடுத்தேன். இவனுவகிட்ட சொன்னா ஆளுக்கொரு யோசனை சொல்லுவானுவ, அதான் சொல்லல. அவரு வாங்குனாரு, ஒரு காயிதம் வரல. இந்தம்மா வாங்கமாட்டேன்னாவ. வந்துட்டு.”

இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பத்து ஒற்றை ரூபாய் நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். சண்டே சார் போன பின் வந்த பத்து சனிக்கிழமைகள். ஒன்றைக்கூட அவர் செலவழிக்கவில்லை. “இந்தம்மா மனசு மாறுனா குடுக்கலாம்னு வச்சிருந்தேன்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தங்கராஜ்தான் சொந்த இந்தியில் விளக்கினார், எனக்குத் தேவையில்லாத அளவு விரிவாக. அதிகாரியின் கைக்குட்டை குலுங்கியது. இருமுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பதினோரு பேரும் வராந்தாவில் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். “பன்னெண்டு பேரு காசு அது. எங்கள கேக்காம குடுத்தது தப்புதான் அண்ணாச்சி” என்றார் தங்கராஜ். “ஆனா ரெண்டு மாசமா நாம பட்ட பாட்டுக்கு, வாரம் ஒரு ரூவா மலிவு.” சுப்பையா முகாதமாகவே வெளியே வந்தார்.

யாருடைய கூலியும் வரி வரம்பை எட்டவில்லை என்று எழுதி அதிகாரி கோப்பை மூடினார். முந்தைய ஆண்டுகளைப் பற்றிய என் கடிதத்தை மட்டும் தனியே எடுத்தார். “மிஸ், படிவத்தில் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதினீர்கள்?”

“அது உண்மை என்பதால்.”

“அது உண்மையாகவும் இல்லையே” என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

சண்டே சார் கண் தெளிந்து திரும்பி வந்தார். சட்டப்படி பார்த்தால், தான் எழுதாமல் விட்டதுதான் சரியான ரிட்டர்ன் என்றார். சரியான வேலையைச் செய்ய அவர் காசு வாங்கினார். தப்பான வேலையை நான் இலவசமாகச் செய்தேன். முதலாளி அந்த ஒரு ரூபாயை அவருடைய சம்பளத்தோடு சேர்த்துத் தாமே கொடுக்க ஆரம்பித்தார். என்னைக் கூப்பிட்டு, “நீ நல்ல பிள்ளைதான். ஏதாவது பேப்பர்ல போய்ச் சேரு. ஊரான் வீட்டுக் கதைய எழுது. எனக்குத் தாங்காது” என்றார். கடைசி நாளன்று பதினான்கு படிகளும் இறங்கிப் பின்பக்கம் போய்த் தொட்டிகளைப் பார்த்தேன். கைக்குட்டை இல்லாமல். கண்ணில் நீர் வந்தது. பிரிவுத் துயரம் என்று சுப்பையா நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அது நான் கற்ற முதல் பாடம்.

முதலாளி சொன்னபடியே முப்பது வருஷம் பத்திரிகையில் இருந்தேன். வீட்டில் இந்தக் கதையை அப்பா என் கணவருக்குச் சொன்னார், அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அன்று முதல் நான் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் யாராவது ஒருவர் ஓசையில்லாமல் வந்து மேசையில் ஒரு ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள். எங்களைப் பற்றி எழுதாதே என்று அர்த்தம். இதுவரை ஒருமுறையும் நான் அதை வாங்கியதில்லை. பிரசங்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இந்தக் கட்டுரையைத் தொடங்கியபோதும் கணவர் வந்து ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போனார். பலமுறை யோசித்து, இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

எழுதியும்விட்டேன்.